உதவித்தொகையா, புலமைப்பரிசிலா?

நம் பாட்டன்மார் காலத்தில் அதற்கு 'உபகாரச் சம்பளம்' என்று பெயர். இன்று தமிழகத்தில் 'கல்வி உதவித்தொகை' என்கிறோம். இலங்கைத் தமிழர் அதனையே 'புலமைப்பரிசில்' என்கின்றனர். ஸ்காலர்ஷிப் என்னும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாகவே இவை எழுந்தன. ஆயினும் உற்று நோக்கினால் ஒரு சொல்லில் மாணவனின் இல்லாமை தெரிகிறது. மற்றொன்றில் அவனது ஆற்றல் தெரிகிறது. உதவி தேவைப்படுவோனுக்கு உரியது. பரிசில் வென்றவனுக்கு உரியது. ஒரே தொகை இவ்விரண்டுமாக இருக்க இயலுமா? இயலும் என்று நம்பி நெடுங்காலமாக முயன்று வரும் நாடு அமெரிக்கா. அந்நாட்டின் அனுபவம் நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

அங்கே பன்னிரண்டாம் வகுப்பில் பயில்வோரை 'சீனியர்' என்பர். அவர்கள் பள்ளியை விட்டுப் பிரியும் மே, ஜூன் மாதங்களில் ஒரு மாலைப் பொழுதில் பரிசளிப்புக் கூட்டம் நடைபெறுவது பல ஊர்களில் வழக்கம். ரோட்டரி சங்கத்தார், படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அமெரிக்கன் லீஜன் உறுப்பினர், கத்தோலிக்க ஆண்களின் அமைப்பாகிய கொலம்பஸ் வீரர் சபையார், இறந்த மகனின் நினைவாகத் தொகை வழங்கும் பெற்றோர் எனப் பலரும் மேடையேறுவர். ஒவ்வொரு பெயராக வாசிக்கப்படும். சில பெயர்கள் மீண்டும் மீண்டும் ஒலிக்கும். சில பெயர்கள் ஒருமுறையேனும் ஒலிப்பதில்லை.

ஒரு விதவையின் நூறு பவுன்

இம்மரபின் வேர் 1643ஆம் ஆண்டில் இருக்கிறது. அப்போது அமெரிக்கா பிரிட்டிஷ் குடியேற்ற நாடு. ஹார்வர்டு கல்லூரி தொடங்கி ஏழே ஆண்டுகள். இலண்டன் மாநகரின் முன்னாள் மேயர் ஒருவரின் விதவையான ஆன் மௌல்சன் சீமாட்டி, அக்கல்லூரியில் பயிலும் ஏழை மாணவன் ஒருவனைப் பேணுவதற்கென நூறு பவுன் அளித்தார். ஹார்வர்டின் முதல் உதவித்தொகை அதுவே. அதனைப் பெறச் சென்றவர் தாமஸ் வெல்டு என்னும் போதகர். அவருடைய சொந்த மகன் ஜான் அப்போது அங்கே பயின்று வந்தான். முதலில் அத்தொகை அவனுக்கே சேர வேண்டும் என்று ஆவணத்தில் எழுதப்பட்டது. ஏழைக்கெனத் திறந்த கை, அறிமுகமானவனின் பக்கம் முதல் நாளிலேயே சற்றுச் சாய்ந்து விட்டது.

மற்றொன்றும் இங்கு நினைக்கத்தக்கது. கொடுத்தவர் பெண், ஆனால் அக்கல்லூரியில் பெண்கள் கால்வைக்க இயலாது. இரண்டரை நூற்றாண்டு கழித்து 1894இல், ஹார்வர்டின் அருகே எழுந்த பெண்கள் கல்லூரிக்கு அவருடைய கன்னிப் பருவக் குடும்பப் பெயரான 'ராட்கிளிஃப்' சூட்டப்பட்டது.

இரண்டையும் இணைத்த வேதியியலார்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஹார்வர்டு பெரிதும் கிழக்குக் கரையோரச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் கல்லூரியாகவே இருந்தது. 1933இல் அதன் தலைவராகப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் கானன்ட் என்னும் வேதியியல் அறிஞர் அதனை மாற்ற விரும்பினார். நாட்டின் நடுப்பகுதி மாநிலங்களில் உள்ள அரசுப் பள்ளிகளிலிருந்து அறிவாற்றல் மிக்க இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் 'தேசிய உதவித்தொகை'யை அவர் 1934இல் தொடங்கினார்.

அத்திட்டத்தின் நுட்பம் பாராட்டத்தக்கது. தேர்வு முழுவதும் திறமையை ஒட்டியது. தொகையின் அளவோ குடும்பத்தின் வருவாயை ஒட்டியது. வறியவனுக்கு முழுச் செலவும் கிடைக்கும். வசதியுள்ளவனுக்குப் பெருமையும் சிறு தொகையும் கிடைக்கும். பட்டம் இருவருக்கும் ஒன்றே. ஆகவே யார் ஏழை என்பது வெளியே தெரியாது. பரிசிலின் கண்ணியத்தையும் உதவியின் கனிவையும் ஒன்றாகப் பின்னிய ஏற்பாடு அது.

இலினாய் மாநிலத்தின் அர்பானா நகரில் பயின்ற ஜேம்ஸ் டோபின் என்னும் மாணவர் இவ்வழியே 1935இல் ஹார்வர்டு சென்றார். அதுவரை அவர் எண்ணியிருந்தது உள்ளூர்ப் பல்கலைக்கழகம் மட்டுமே. இத்திட்டம் பற்றிய செய்தியைத் தற்செயலாக நாளிதழில் கண்டு சொன்னவர் அவருடைய தந்தை. அம்மாணவர் 1981இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு பெற்றார்.

எனினும் திறமையை எவ்வாறு அளப்பது? 1926இல் உருவான எஸ்.ஏ.டி. என்னும் தேர்வைக் கானன்டின் உதவியாளர் ஹென்றி சான்சி கையிலெடுத்தார். பள்ளியின் தரமோ பெற்றோரின் செல்வமோ பாதிக்காத அளவுகோலாக அது இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. குடும்ப வருவாய் உயர உயர அத்தேர்வின் மதிப்பெண்ணும் சராசரியாக உயர்கிறது என்பதைப் பின்வந்த பல பத்தாண்டுகள் காட்டின.

அகதிச் சிறுவன்

டோபின் நோபல் பரிசு பெற்ற அதே ஆண்டில் வேதியியலுக்கான பரிசைப் பகிர்ந்துகொண்டவர் ரோல்டு ஹாஃப்மன். அவர் 1937இல் அன்றைய போலந்து நாட்டில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜிகள் அவருடைய தந்தையைக் கொன்றனர். தாயும் மகனும் ஒரு பள்ளிக்கட்டடத்தின் பரணில் மாதக்கணக்கில் ஒளிந்து உயிர்பிழைத்தனர். 1949இல் அமெரிக்கக் கரையில் இறங்கியபோது சிறுவனுக்கு வயது பதினொன்று. ஆறே ஆண்டுகளில், நியூயார்க்கின் ஸ்டைவசன்ட் உயர்நிலைப்பள்ளியை முடிக்கும் தறுவாயில், வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் அறிவியல் திறன் போட்டியில் அவர் தேர்வு பெற்றார். 1942இல் தொடங்கிய அப்போட்டி, புரவலரின் பெயர் இருமுறை மாறி இன்றும் நடைபெறுகிறது.

ஹாஃப்மன் தேர்வு பெற்ற 1955ஆம் ஆண்டிலேயே, ஃபோர்டு, கார்னகி அறக்கட்டளைகளின் நிதியால் 'தேசியத் தகுதி உதவித்தொகை' நிறுவப்பட்டது. நாடு முழுமைக்கும் ஒரே தேர்வு. தொடக்கத்தில் இத்திட்டமும் கானன்ட் காட்டிய வழியில் சென்று, தேவைக்கேற்பத் தொகையை வகுத்தது. பின்னர் அந்த இழை தளர்ந்தது. இன்று அந்நிறுவனம் நேரடியாக வழங்குவது, குடும்ப நிலை நோக்காமல், ஒரே ஒருமுறை 2,500 டாலர். புரவலரான சில தொழில் நிறுவனங்களோ தம் ஊழியரின் பிள்ளைகளுக்கென்றே பரிசை ஒதுக்குகின்றன. அத்தேர்வின் வலையில் கறுப்பின மாணவர் மிகச் சிலரே அகப்பட்டனர். எனவே 1964இல் அவர்களுக்கெனத் தனித் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டு 2015 வரை நடந்தது.

குடியரசுத் தலைவரின் இரு கைகள்

உதவியும் பரிசிலும் தெளிவாகப் பிரிந்ததை ஒரே மனிதரின் செயல்களில் காணலாம். 1964இல் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன், பள்ளியிறுதி மாணவருள் தலைசிறந்தோரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பதக்கம் அணிவிக்கும் திட்டத்தை ஆணையிட்டுத் தோற்றுவித்தார். அது முற்றிலும் புகழ்ச் சின்னம்.

அடுத்த ஆண்டு நவம்பரில் அவர் தாம் பயின்ற டெக்சாஸ் மாநிலக் கல்லூரிக்குச் சென்று, உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இளமையில் கல்லூரிச் செலவுக்குப் பணமின்றிப் படிப்பை ஓராண்டு நிறுத்தி, கொட்டுல்லா என்னும் சிற்றூரில் மெக்சிக்க வமிசத்து ஏழைப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர் அவர். அப்பிள்ளைகளுக்குக் கல்லூரியின் கதவு வறுமையால் மூடியிருந்ததைக் கையெழுத்திடும் நாளிலும் நினைவுகூர்ந்தார். அச்சட்டத்தின் வழியே, மதிப்பெண் போட்டியின்றித் தேவை ஒன்றையே நோக்கி வழங்கும் கூட்டரசு மானியம் பிறந்தது. 1972இல் அது விரிவடைந்து, 1980இல் அதற்காக உழைத்த செனட்டர் பெல் அவர்களின் பெயரைப் பெற்றது. பதக்கம் ஒரு கையிலும் மானியம் மறு கையிலுமாக, ஒவ்வொன்றும் தன் பெயரோடு நின்றன.

ஆளுக்கு ஒரு டாலர்

அரசுக்கும் பெருநிறுவனங்களுக்கும் அப்பால் மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபால் ரிவர் ஒரு காலத்தில் பருத்தி ஆலைகளால் புகழ்பெற்ற நகர். அயர்லாந்து, போர்ச்சுக்கல், பிரெஞ்சுக் கனடா ஆகிய இடங்களிலிருந்து வந்த உழைப்பாளிகள் நிறைந்த அந்நகர் 1904 முதல் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமையிடமும் ஆகும். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபின் அங்கே வேலையும் குறைந்தது, நம்பிக்கையும் குறைந்தது.

அவ்வூரில் கண்ணாடிக்குக் கண் பரிசோதிக்கும் தொழில் செய்தவர் இர்விங் ஃபிராட்கின் என்னும் யூதர். கல்லூரி செல்ல விரும்பும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்காக ஒவ்வொருவரும் ஒரு டாலர் தர வேண்டும் என்பது அவர் கோரிக்கை. இதனை முன்வைத்துப் பள்ளிக் குழுத் தேர்தலில் நின்று தோற்றார். ஆனால் கருத்தைக் கைவிடவில்லை. 1958இல் ஊர் மக்கள் கொடுக்கத் தொடங்கினர். அம்முயற்சி பிற ஊர்களுக்கும் பரவி நாடளாவிய இயக்கமாயிற்று. ஃபிராட்கின் 2016இல் மறைந்தார். அவர் தொடங்கிய அமைப்பு 'ஸ்காலர்ஷிப் அமெரிக்கா' என்னும் பெயரில் இன்றும் பணியாற்றுகிறது.

இத்திட்டத்தில் கொடுப்பவன் பெருஞ்செல்வனல்லன். பெறுபவன் மாநிலத்தின் முதல் மாணவனுமல்லன். தேநீர்க் கடையில் எதிர்ப்படும் அயலார், 'நீ படி, நாங்கள் இருக்கிறோம்' என்று சொல்லும் சொல்லாக அந்த டாலர் அமைந்தது. ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்கு அச்சொல், பணத்தினும் அரிதாயிருந்திருக்கும்.

பின்னல் பிரிந்த கதை

நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. ஜார்ஜியா மாநிலம் 1993இல், பரிசுச்சீட்டு வருவாயைக் கொண்டு, பள்ளியில் 'பி' தரம் எடுத்தோருக்குக் கல்லூரிக் கட்டணம் செலுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் ஆண்டு வருவாய் 66,000 டாலருக்கு உட்பட்ட குடும்பங்களுக்கே அச்சலுகை. மறு ஆண்டில் வரம்பு ஒரு இலட்சமாயிற்று. 1995இல் வரம்பே நீங்கியது. சீட்டு வாங்குவோரில் எளியோர் மிகுதி. பயன்பெற்றோரிலோ வசதியுள்ளோர் மிகுதி. உதவி என்று தொடங்கியது பரிசிலாக மாறியபோது, ஏழையின் காசு செல்வன் வீட்டுப் பிள்ளையின் கட்டணமாயிற்று.

இன்னும் ஒரு கொடுமை. வெளியார் கொடுத்த பரிசுத்தொகையைக் கணக்கிட்டு, அதே அளவுக்குத் தன் உதவியைக் கல்லூரி குறைத்துக்கொள்வது உண்டு. ஊரார் கூடிக் கொடுத்த டாலர்கள் அப்போது மாணவனைச் சேராமல் கல்லூரியின் கருவூலத்தைச் சேர்கின்றன. மேரிலாந்து மாநிலம் 2017இல் தன் அரசுக் கல்லூரிகளில் இவ்வழக்கத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. பின்னர்க் கலிபோர்னியாவும் வறிய மாணவர் பொருட்டு அவ்வாறு செய்தது.

இவ்வரலாறு நமக்குச் சொல்வது, பரிசில் வேண்டாம் என்பதன்று. உழைத்து வென்ற பிள்ளையை ஊரறியப் பாராட்டுவது நம் கடமை. பாராட்டின்றி எந்தக் கல்வியும் தழைக்காது. ஆனால் பரிசிலை உதவி என்று எண்ணி நாம் நிறைவடைந்து விடுகிறோம். மேடையில் கைதட்டல் ஓய்ந்தபின், வசதியுள்ள வீட்டுக்கு மேலும் ஒரு கேடயம் போகிறது. கட்டணம் கட்ட வழியில்லாதவன் வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். அவனும் அதே பன்னிரண்டு ஆண்டுகள் படித்தவனே. மாலையில் வேலைக்குப் போய்விட்டு வந்து படித்தவனாகவும் இருக்கலாம்.

கானன்ட் பின்னிய பின்னலை மீண்டும் பின்னுவது எளிதன்று. அது இயலாதவிடத்து, ஜான்சன் செய்தது போல் இரண்டையும் தனித்தனியே, அவற்றின் உண்மைப் பெயராலேயே வழங்கலாம். நம் மொழி அதற்கு வேண்டிய இரு சொற்களையும் ஆக்கி வைத்திருக்கிறது. பரிசில் கொடுக்கும் கை, உதவி கொடுக்க வேண்டிய கடனைத் தீர்த்துவிட்டதாக எண்ணாதிருந்தால் போதும்.