இடது கைக்காரரின் வலந்தலை

போன வாரம் விடுதியில் ஒரு நண்பன், இவான் பார்க்கர், பேரி கை, பால் லிட்டன் என்ற மூன்று இங்கிலாந்துக்காரர்கள் வாசித்த ஃப்ரீ ஜாஸ் பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினான். சாக்ஸபோன், டபுள் பேஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். கையில் எண்ணிப் பார்க்கத் தாளம் கிடையாது. முதல் பத்து நிமிடம் எனக்குத் தெருச் சண்டை மாதிரிதான் கேட்டது! அப்புறம்தான் ஒருவர் வீசுவதை இன்னொருவர் பிடிப்பது காதில் விழுந்தது. உடனே ஞாபகம் வந்தவர் எங்கள் மலையடிவாரத்துக்காரர், மிருதங்கம் பழனி சுப்ரமணிய பிள்ளை (1908-1962).

அப்பா பழனி முத்தையா பிள்ளையிடம் பாடம். புதுக்கோட்டை வழி. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மாமுண்டியா பிள்ளையின் பரம்பரை. கணக்கில் புலி என்று சொல்ல வேண்டியதே இல்லை. ஆனால் அவருக்கு இடது கை. இதில் என்ன சிக்கல் என்கிறீர்களா? மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்க்க வேண்டும். அதற்காக மிருதங்கக்காரர் பாடகருக்கு வலப்பக்கம் உட்காருவார், வயலின் இடப்பக்கம். பழனியோ வலந்தலையை இடது கையால் வாசிப்பவர். அவர் உட்கார்ந்தால் வயலின்காரர் எழுந்து பக்கம் மாற வேண்டும். பல வயலின்காரர்கள் மாட்டேன் என்றார்கள். எவ்வளவு வித்தை இருந்து என்ன, உட்கார இடம் வேண்டுமே!

அவருக்காக நின்றவர் செம்பை வைத்தியநாத பாகவதர். மேடைக்கு அழைத்து உட்கார வைத்தார். செம்பையோடு வயலினில் சௌடையாவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். செம்பைக்கு வெண்கலக் குரல். மைக் பரவாத காலத்தில் சத்தம் போதவில்லை என்று வயலினுக்கு ஏழு தந்தி கட்டியவர் சௌடையா. இந்த இரண்டுக்கும் நடுவில் மிருதங்கம் என்ன செய்யும்? போட்டிக்குத் தட்டினால் எடுபடாது. பழனியின் வாசிப்பைக் கேட்டுப் பாருங்கள். பாட்டின் அடி எங்கே விழுகிறதோ அங்கே சொல் விழும், மற்ற இடத்தில் தொப்பியில் ஒரு கும்கி மட்டும் மிதக்கும். கற்பனை ஸ்வரத்தில் பாடகர் எங்கே முடிப்பார் என்பது அவருக்கு முன்பே தெரிந்த மாதிரி இருக்கும். ஒத்திகை ஏதும் கிடையாது, மேடையிலேயே கேட்டுக் கேட்டு வாசிப்பதுதான். லண்டன் மூவர் தாளத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்வதை இவர்கள் ஆதி தாளத்துக்குள் இருந்துகொண்டே செய்தார்கள். எனக்கு இரண்டாவதுதான் கஷ்டம் என்று படுகிறது. (ஜாஸ் நண்பன் அடிக்க வருவான்!)

பாலக்காடு மணி ஐயர் மிருதங்கத்தில் இருக்க, இவர் கஞ்சிராவோடு உட்கார்ந்த கச்சேரிகளும் உண்டு. சமகாலத்து இரண்டு மலைகள் ஒரே மேடையில்.

இவருடைய சீடர் திருச்சி சங்கரன் 1971-ல் கனடா போய், டொராண்டோ யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுத்தார். ஜாஸ்காரர்களோடும் வாசித்தார்.

மியூசிக் அகாடமி மிருதங்கக்காரர் ஒருவருக்கு முதன்முதலாக சங்கீத கலாநிதி கொடுத்தது 1966-ல், மணி ஐயருக்கு. பழனி இறந்து அப்போது நாலு வருஷம். சங்கரனுக்கு அதே பட்டம் 2011-ல் வந்தது.