பணிவுடன் ஒரு கண்டனம்

1791ஆம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள் 19ஆம் நாள். அமெரிக்க நாட்டின் வெளியுறவு அமைச்சர் தாமஸ் ஜெபர்சனுக்கு, மேரிலாந்து மாநிலத்துப் புகையிலை உழவர் ஒருவர் கடிதம் வரைகிறார். வரைந்தவர் பெஞ்சமின் பானெக்கர், அகவை 59, நிறம் கறுப்பு. பெறுபவரோ, மாந்தர் அனைவரும் நிகரென்று 1776இல் பறைசாற்றிய விடுதலைச் சாசனத்தைத் தீட்டியவர்!

தீட்டியவர்தாம், தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட கறுப்பரை அடிமைகளாக வைத்திருந்தார். வர்ஜீனியா பற்றி அவர் எழுதிய நூலோ, கறுப்பர் அறிவாற்றலில் வெள்ளையருக்குத் தாழ்ந்தவர்களோ என்று ஐயுற்றது. ஏடு சமத்துவம் பேசிற்று. பண்ணையில் அடிமைத்தனம் விளைந்தது!

அப்பெருமகனின் குறையை அவரிடமே எடுத்துரைக்க வேண்டும். வசைமொழி தொடுத்தால் மடல் குப்பைக்குப் போகும். குழைந்து நின்றால் எழுதியே பயனில்லை. பானெக்கர் என்ன செய்தார்?

தம் நிறத்தின்மீது உலகம் கொண்டுள்ள வெறுப்பையும், அமைச்சரின் உயர்நிலையையும் எண்ணிப் பார்த்தால், தாம் எழுதுவதே பெருந்துணிவுதான் என்று தொடங்கினார். பிறரினும் தாங்கள் பரந்த உள்ளத்தினர், எம்மினத்திடம் பரிவுடையவர் எனக் கேள்வியுற்றேன் என்றார். முகமனா இது? அன்று, முளை அடித்தல்! அந்தப் புகழை ஏற்றுக்கொண்டவர், அடுத்து வரும் வாதத்தையும் கேட்டே ஆகவேண்டுமல்லவா?

அடுத்து வந்தது வரலாறு. பிரிட்டிஷ் மன்னனின் கொடுங்கோல் தங்களை அடிமையாக்க முனைந்த நாளை நினைத்துப் பாருங்கள். அன்று அடிமைத்தனத்தின் கொடுமை தங்களுக்குத் தெளிவாகத் தெரிந்ததே என்றார். பிறகு ஜெபர்சனின் சாசன வரிகளையே எடுத்து ஜெபர்சன் முன் வைத்தார். அதன்பின்தான் குற்றச்சாட்டு: எதனைப் பிறர் செய்தபோது வெறுத்தீர்களோ, அதே கொடுஞ்செயலைத் தாங்களே செய்து, என் உடன்பிறப்புகளை வஞ்சத்தாலும் வன்முறையாலும் பிணித்து வைத்திருக்கிறீர்களே, இஃது இரங்கத்தக்கதன்றோ? வர்ஜீனியா நூலின் பெயரைக் கடிதம் எடுக்கவே இல்லை. அதற்கு விடை வேறு வடிவில், கடிதத்தோடு சென்றது.

அது 1792ஆம் ஆண்டுக்கென அவரே கணித்த பஞ்சாங்கத்தின் கைப்படி. பஞ்சாங்கம் என்றதும் நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அவர் கணித்தது கோள்களின் நிலையும் கிரகணங்களின் காலமும். இளமையில் மரத்தாலேயே கடிகாரம் செய்தவர்; ஐம்பதைக் கடந்தபின், அண்டை வீட்டார் ஜார்ஜ் எலிகாட் இரவல் தந்த நூல்களையும் கருவிகளையும் கொண்டு வானியலைத் தாமே கற்றவர். 1791இல் புதிய தலைநகருக்கான நில அளவையிலும் பணிபுரிந்தார். கறுப்பருக்கு அறிவுண்டா என்று கேட்டவரின் மேசைமீது கணக்கு போய் அமர்ந்தது!

முடிவில், தங்கள் கீழ்ப்படிதலுள்ள பணியாளன் என்று ஒப்பமிட்டார். விடுப்பு விண்ணப்பத்துக்காக நாம் வகுப்பில் கற்பிக்கும் அதே தொடர்தான். இங்கே அதன் பொருள் வேறு.

ஆகஸ்டு 30ஆம் நாளே மறுமொழி வந்தது. இத்தகைய சான்றுகளைக் காணத் தம்மைவிட விழைபவர் எவருமிலர் என்றும், பஞ்சாங்கத்தைப் பாரிசு அறிவியற் கழகச் செயலாளர் கொந்தார்சேக்கு அனுப்பியுள்ளதாகவும் ஜெபர்சன் எழுதினார். இனிமையான மடல். தம் பண்ணை அடிமைகளைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை!

இரு மடல்களும் 1792இல் பிலடெல்பியாவில் சிறு நூலாக அச்சேறின; அடிமை ஒழிப்பாளர் கையில் அவை படைக்கலமாயின. 1806இல் பானெக்கர் மறைந்தார். அடக்கம் நடந்த நாளிலேயே அவர் வீடு தீக்கிரையானது.

1809இல் ஜெபர்சன் தம் நண்பர் ஜோயல் பார்லோவுக்கு எழுதிய கடிதத்தில் வேறு குரல் கேட்டது. கணக்கில் எலிகாட்டின் உதவி இருந்திருக்கலாமாம். பானெக்கரின் நீண்ட கடிதம், அவர் மிகச் சாதாரண அறிவினர் என்பதையே காட்டுகிறதாம். மறுப்பெழுதப் பானெக்கர் அப்போது உயிரோடில்லை.