மதராஸை வந்தடையாத காசுகள்

நாணயம் சேகரிப்போரின் அகராதியில் 'அரிது' என்னும் சொல்லுக்கு நிலையான பொருள் கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸ் மாகாணத்துக்காக 1808ஆம் ஆண்டிட்டு வெளியிட்ட பத்துக் காசு, இருபது காசு செப்பு நாணயங்கள் இதற்கு நல்ல சான்று. சுமார் இருநூறு ஆண்டுப் பழமையுள்ள, இன்னும் பளபளப்பு மாறாத ஒரு காலனியக் காசு இவ்வளவு மலிவாகக் கிடைப்பது எப்படி என்று புதிதாக வாங்குபவர் வியப்பார். விடை தமிழகத்தில் இல்லை. இங்கிலாந்தின் கெண்ட் கரைக்கு அப்பால், குட்வின் மணல்திட்டின் அடியில் இருக்கிறது.

அன்றைய மதராஸின் கணக்கு முறையை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. எண்பது காசு ஒரு பணம். நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன். வராகன் பொன், பணம் வெள்ளி, காசு செம்பு. அரசுக் கணக்குகள் வராகனில் எழுதப்பட்டாலும், சந்தையில் கீரை வாங்கவும் கூலி கொடுக்கவும் வேண்டியிருந்தது காசுதான். 'காசு' என்னும் நம் சொல்லே போர்த்துக்கீசியர் வாய்வழி 'கேஷ்' ஆகி, பின்னர் ஆங்கில எழுத்தில் நாணயத்தின்மீது பொறிக்கப்பட்டு நம்மிடமே திரும்பி வந்தது. (ரொக்கத்தைக் குறிக்கும் ஆங்கிலக் 'கேஷ்' வேறு வேரிலிருந்து வந்தது, இரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர்.)

இந்தச் செப்புக் காசுகள் மதராஸில் அடிக்கப்பட்டவை அல்ல. பர்மிங்காம் அருகே மாத்யூ போல்ட்டன் 1788இல் நிறுவிய சோஹோ நாணயச்சாலையில், நீராவியால் இயங்கும் அச்சுப்பொறிகளில் உருவானவை. 1803ஆம் ஆண்டின் வரிசையும் அங்கிருந்தே வந்தது. விளிம்பு சீராக, எடை ஒன்றுபோல, கள்ளக் காசு அடிப்பவனுக்கு எளிதில் வசப்படாததாக நாணயம் செய்வதே போல்ட்டனின் பெருமிதம். ஒரு பக்கத்தில் சிங்கங்கள் தாங்கி நிற்கும் கம்பெனியின் கேடயச் சின்னமும் இலத்தீன் வாசகமும். மறு பக்கத்தில் பாரசீக எழுத்தில் 'பீஸ்த் காஸ் சஹார் ஃபுலூஸ் அஸ்த்': இருபது காசு நான்கு ஃபுலூஸ் ஆகும். அதன் கீழே ரோமன் எண்ணில் மதிப்பு. தமிழில் ஓர் எழுத்துகூட இல்லை.

இதையொட்டி 1807ஆம் ஆண்டுத் திட்டத்தின் அரை வராகன், கால் வராகன் வெள்ளி நாணயங்களை எண்ணிப் பார்க்கலாம். அவை மதராஸ் நாணயச்சாலையிலேயே, பெரும்பாலும் ஸ்பானிய டாலர்களின்மீது மறு அச்சாக அடிக்கப்பட்டவை. ஒரு பக்கம் விண்மீன்கள் சூழ்ந்த கோயில் கோபுரம், மறு பக்கம் திருமால். ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என நான்கு எழுத்துகள். உள்ளூர் அச்சுக்கூடம் தன் மக்களின் கண்களை அறிந்திருந்தது, நீராவிப்பொறி அறிந்திருக்கவில்லை. கலையழகில் என் வாக்கு கோபுரத்துக்கே.

கப்பலுக்கு வருவோம். 1797இல் வெள்ளோட்டம் விடப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்', நங்கூரங்கள், இரும்புப் பாளங்கள், குண்டுகள் ஆகியவற்றோடு சுமார் 48 டன் செப்புக் காசுகளையும் ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குப் புறப்பட்டது. 1809 ஜனவரி 25 அன்று புயலில் சிக்கிக் குட்வின் மணல்திட்டில் மோதிச் சிதைந்தது. கம்பெனியின் மற்றொரு கப்பலான 'பிரிட்டானியா'வும் அதே புயலில் அங்கேயே மூழ்கியது. போல்ட்டன் அவ்வாண்டு ஆகஸ்டில் காலமானார்.

ஏறத்தாழ 175 ஆண்டுகள் அக்காசுகள் மணலுக்குள் கிடந்தன. 1980களில் மூழ்குநர் கப்பலைக் கண்டடைந்தபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகள் வெளிவந்தன. முழு மரப்பீப்பாய் ஒன்றில் மட்டும் 28,000 காசுகள் இருந்தன. அவை அனைத்தும் பத்துக் காசுகளே என்று வைத்துக்கொண்டால், மதராஸ் கணக்கில் ஏறத்தாழ 83 வராகன்தான். பீப்பாயின் நடுவில் இருந்தவை நேற்று அடித்தவைபோல மின்ன, ஓரத்தில் இருந்தவற்றை உப்புநீர் அரித்துவிட்டிருந்தது.

1985இல் அவ்விடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. ஆனால் கப்பல் கிடந்ததோ அன்றைய மூன்று கடல்மைல் எல்லைக்கு வெளியே. பாதுகாப்பு விலக்கப்பட்டது. 1987இல் பிரிட்டன் தன் கடல் எல்லையைப் பன்னிரண்டு மைலாக விரித்த பின்னரே அது மீண்டும் வந்தது. அதற்குள் காசுகள் உலகச் சந்தையில் பரவிவிட்டன. தொல்லியலாளருக்கு ஒரு பீப்பாய் என்பது எந்த அடுக்கில், எந்தச் சரக்குக்கு அருகில் கிடந்தது என்பதோடு சேர்ந்த ஆவணம். தனிக் காசாகச் சிதறிய பின் அந்த ஆவணம் இல்லை. உடன்வரும் சான்றிதழில் கப்பலின் பெயர் மட்டுமே மிஞ்சுகிறது.

விலைப்பட்டியல்களில் இந்தக் கடற்காசு 'மிக நன்று' எனத் தரப்படுத்தப்படும். அதன் அருகே, சிங்கத்தின் முகம் தேய்ந்த 1803ஆம் ஆண்டுக் காசு 'சுமார்' என்று இருக்கும். சேகரிப்பாளர் முன்னதை எடுப்பார். நான் பின்னதை எடுப்பேன். உழக்கு அரிசிக்கும் பிடி உப்புக்கும் கை மாறியது அதுதான். 1818இல் மதராஸ் ரூபாய்க் கணக்குக்கு மாறிய பின்னும் இத்தகைய செம்புகள் சுருக்குப்பைகளை விட்டு உடனே போய்விட்டிருக்க மாட்டா. 1808ஆம் ஆண்டின் பளபளப்பான காசு மதராஸ் மாகாணத்தில் ஒருவரிடமும் எதையும் வாங்கியதில்லை.