பஞ்சர் ஒட்டிய வரலாறு: டயரும் ஒரு நெசவுதான்

முகூர்த்த மாதம் வந்துவிட்டால், பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து காஞ்சிபுரத்துக்குத் திரும்பும் கார்களுக்குக் குறைவே இருக்காது. புடவை எடுக்க ஒரு வண்டி, காமாட்சியம்மனைக் கும்பிட ஒரு வண்டி, இரண்டுக்கும் சேர்த்து ஒரு வேன்! நடுவழியில் பஞ்சர் ஆனால் வண்டிக்குள் எழும் முதல் கேள்வி, "ஸ்டெப்னி இருக்கா?" என்பதுதான்.

இந்த 'ஸ்டெப்னி' தமிழ்ச் சொல்லும் அல்ல, இன்றைய இங்கிலாந்துக்காரர்களுக்குத் தெரிந்த சொல்லும் அல்ல. வேல்ஸ் நாட்டு லானெல்லி ஊரில் உள்ள ஒரு தெருவின் பெயர். அங்கே 1904ல் டேவிஸ் சகோதரர்கள் ஓர் உதிரிச் சக்கரத்தை உருவாக்கினார்கள். அதற்கு முன் கார்களில் மாற்றுச் சக்கரம் வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. பஞ்சர் ஆனால் வெயிலோ மழையோ, சாலையோரத்தில் உட்கார்ந்து டயரை நெம்பி, டியூபை ஒட்டி, காற்றடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். டேவிஸ் சகோதரர்கள் செய்த சக்கரத்துக்கு ஆரக்கால்களே கிடையாது. காற்றடித்த டயர் மாட்டிய வெறும் வளையம். அதைப் பஞ்சரான சக்கரத்தின் பக்கத்தில் இறுக்கிப் பூட்டிக்கொண்டு வண்டியை ஓட்டலாம். பிரிட்டிஷ் ஆட்சி போன இடமெல்லாம் அந்தச் சக்கரமும் போனது. பிறந்த ஊரில் மறைந்துபோன சொல், இந்தியாவில் எல்லா மெக்கானிக் வாயிலும் இருக்கிறது.

சரி, அந்தப் பஞ்சர் எப்போது பிறந்தது? காற்று டயரோடுதான்! ஸ்காட்லாந்தின் ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845லேயே காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அப்போது காரும் இல்லை, சைக்கிளும் இல்லை. எல்லோரும் மறந்துவிட்டார்கள். 1888ல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதை மறுபடி கண்டுபிடித்தார். ரப்பர் குழாயின் மேல் துணியைச் சுற்றிச் சக்கரத்தோடு ஒட்டிவிட்டார். சவாரி சுகமாக இருந்தது. பஞ்சர் ஆனால்தான் தொல்லை. மறு வருடம் பிரான்சில் மிஷ்லின் சகோதரர்களின் ரப்பர் ஆலைக்கு அப்படி ஒரு டயர் வந்தது. பிரித்து ஒட்ட 3 மணி நேரம், பசை காய ஒரு ராத்திரி! அந்த அவஸ்தையைப் பார்த்துத்தான் அவர்கள் 1891ல் கழற்றி மாட்டக்கூடிய டயரைக் கொண்டு வந்தார்கள். பஞ்சரை வண்டிக்காரரே ஒட்டிக்கொள்ளலாம் என்ற நிலை அதன் பிறகுதான் வந்தது.

இங்கே காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு மட்டும் சட்டென்று புரியக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது. டயர் என்பது வெறும் ரப்பர் அல்ல. அதற்குள் துணி இருக்கிறது. காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது ரப்பர் இல்லை, உள்ளே புதைந்திருக்கும் இழைகள்தான். ரப்பர் காற்றைக் கசியவிடாமல் பிடித்து வைக்கும், தேய்மானத்தைத் தாங்கும், அவ்வளவே. ஆரம்ப கால டயர்களில் பாவும் ஊடையும் சமமாக ஓடும் சாதாரணத் துணியைத்தான் வைத்தார்கள். சக்கரம் உருள உருள, குறுக்கும் நெடுக்குமான நூல்கள் ஒன்றையொன்று அறுத்துக்கொண்டு, சூடாகி, வெடித்துவிடும். 1890களில் சிகாகோவின் ஜான் பால்மர், இழைகளை ஒரே திசையில் படுக்க வைத்து ரப்பருக்குள் புதைத்தார். அதாவது ஊடை இல்லாத பாவு! இன்றைய டயர்த் துணியிலும் ஊடை பெயருக்குத்தான் இருக்கிறது. பாவு கலையாமல் பிடித்துக்கொள்ளும் மெல்லிய நூல்.

தமிழ்நாட்டில் டயர்த் தொழிலின் ஒரு பெரிய கதை பழுது வேலையிலிருந்து தொடங்கியது. கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார். 1952ல் தேய்ந்த டயருக்கு மறுபடி மேல்தோல் போடும் ட்ரெட் ரப்பருக்கு மாறினார். புது டயர் செய்தது 1961ல்தான். அதுதான் எம்.ஆர்.எஃப். பிற்பாடு காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே ஆலைகள் வந்தன. 2010ல் ஒரகடத்தில் அப்போலோ, 2020ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சியட். பட்டு நெய்யும் மாவட்டத்தில் நைலான், பாலியெஸ்டர் இழைகளும் டயருக்குள் போக ஆரம்பித்தன.

அம்பாசிடர், மாருதி 800 காலத்தில் டயருக்குள் டியூப் இருந்தது. பஞ்சரை வீட்டு வாசலிலேயே ஒட்டியவர்கள் உண்டு. இரண்டு லிவர், ஒரு வாளித் தண்ணீர், உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டு. குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்துத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஈரம் போகும்வரை காத்திருந்து ஒட்ட வேண்டும். அவசரக்காரர்கள் ஈரத்திலேயே ஒட்டிவிட்டு மறுநாள் திரும்ப வாளியோடு உட்காருவார்கள்!

டியூப் இல்லாத டயரை அமெரிக்காவின் குட்ரிச் கம்பெனி 1947ல் அறிவித்தது. இந்தியக் கார்களில் அது பரவலாக வந்தது வெகு காலம் கழித்து. ஆணி குத்தினாலும் காற்று ஒரேயடியாக இறங்காது. சக்கரத்தைக் கழற்றாமலே, டி வடிவக் கைப்பிடி உள்ள ஊசியால் ஓட்டையைக் குடைந்து, பசை தடவிய ரப்பர் திரியைச் சொருகினால் வேலை முடிந்தது. இணையத்தில் கிட் வாங்கி யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகிவிட்டது. ஆபத்தும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

கிழிந்த பட்டை இழையோட்டிச் சரி செய்யலாம். டயரில் அறுந்த இழையை யாராலும் இழையோட்ட முடியாது. திரி ஓட்டையை அடைக்கும், அவ்வளவுதான். ரேடியல் டயரில் தரையில் படும் பகுதிக்குக் கீழே எஃகுக் கம்பிப் பட்டை இருப்பதால், அங்கே 6 மில்லிமீட்டர் வரையிலான ஓட்டையைச் சரி செய்யலாம் என்பது பொதுவான விதி. பக்கவாட்டில் அந்தப் பட்டை கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்வதும் அந்தப் பகுதிதான். அங்கே குத்தியிருந்தால் திரி, ஒட்டு எதுவும் கூடாது. டயரையே மாற்ற வேண்டும். காற்றில்லாமல் ஓட்டிய டயரும் அப்படித்தான். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே இழைகள் நசுங்கிப் பொடியாகியிருக்கும். கழற்றிப் பார்க்காமல் தெரியாது. ஆகவே வீட்டில் சொருகிய திரி கடை வரை போவதற்கு மட்டும். கடையில் டயரைக் கழற்றி, உட்புறத்தைப் பார்த்து, ஓட்டையை நிரப்பி உள்ளிருந்து ஒட்டுப் போடுவதுதான் முழு வேலை. இல்லையென்றால் அந்த வழியே ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும்.

ஸ்டெப்னி மாற்றும்போது நடக்கும் விபத்துகளுக்குக் காரணம் பெரும்பாலும் டயர் இல்லை, ஜாக்கியும் இடமும்தான். சமதளமான கெட்டித் தரை, கை பிரேக், மூலைவிட்டத்தில் உள்ள சக்கரத்துக்கு அணையாக ஒரு கல். வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்திவிட்டு அப்புறம்தான் தூக்க வேண்டும். கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் தள்ளி வைப்பது பழைய டிரைவர்களின் பழக்கம். ஜாக்கி சரிந்தால் கார் அதன்மேல் உட்காரும், காலின்மேல் அல்ல. நெடுஞ்சாலையில் லாரிகள் போகும் பக்கத்தில் குனிந்து வேலை செய்வதைவிட, டயர் வீணானாலும் பரவாயில்லை என்று மெதுவாக உருட்டிக்கொண்டு ஒதுக்குப்புறம் போவது மேல். சொல்யூஷனும் பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும். பக்கத்தில் பீடி, விளக்கு எதுவும் ஆகாது.

லாரி டயர் விஷயமே வேறு. அதில் 100 பவுண்டுக்கு மேல் காற்று. பழைய வகை ரிம்மில் டயரைப் பிடித்திருக்கும் இரும்பு வளையம் சரியாக உட்காராவிட்டால், காற்றடிக்கும்போது பீரங்கிக் குண்டு மாதிரி தெறிக்கும். இதில் செத்தவர்கள் பல நாடுகளில் உண்டு. அமெரிக்காவில் 1980ல் இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். இங்கே சாலையோரக் கடைகளில் கூண்டைப் பார்ப்பது அபூர்வம். குறுக்கே ஒரு கடப்பாறையைச் செருகிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு காற்றடிக்கிறார்கள்.