சூழல் அமைப்பால் தோற்கும் மென்பொருள் சோதனைகள்

நிரலில் பிழை இல்லாமலேயே, அது இயங்கும் கணினியின் அமைப்பு வேறுபடுவதால் சோதனை தோற்பதுண்டு. இயங்குதளம், மொழிப் பதிப்பு, நேர மண்டலம், எழுத்துக் குறியேற்றம் ஆகியவை வழக்கமான காரணங்கள். தமிழ்த் தரவைக் கையாளும்போது கடைசியாகச் சொன்னதே பெருந்தொல்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். 'புதுக்கோட்டை' என்பதில் எழுத்துகள் 6. யூனிகோடு குறியீடுகள் 12. யூடிஎஃப்-8 முறையில் 36 பைட்டுகள். 'கோ'வின் ஓகாரக் குறியை இரட்டைக் கொம்பு, துணைக்கால் எனப் பிரித்துச் சேமித்தால் குறியீடுகள் 13, பைட்டுகள் 39. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை மட்டும் தோற்கும். மேக் கணினிகளின் பழைய கோப்பமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ், கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவிலேயே வைத்தது. அந்தக் கோப்பு லினக்ஸ் சர்வருக்குப் போனதும், சேர்த்தெழுதிய பெயரால் தேடினால் கிடைக்காது. ஒப்பிடுமுன் இரு சரங்களையும் என்எஃப்சி எனப்படும் சேர்த்தெழுதிய வடிவுக்குக் கொண்டுவருவதே சரியான தீர்வு. எதிர்பார்க்கும் குறியீட்டு எண்ணிக்கையை 13 என்று மாற்றிச் சோதனையைத் தேறவைப்பது சிக்கலை மூடிமறைப்பதே ஆகும்.

விண்டோஸில் குறியேற்றத்தைச் சொல்லாமல் தமிழ்க் கோப்பைத் திறக்கும் பைத்தான் நிரல்களும் தடுமாறுவதுண்டு; 3.7 பதிப்பு முதல் இதற்கென யூடிஎஃப்-8 பயன்முறை இருக்கிறது.

யூடிசி நேரத்தில் ஓடும் சர்வரில், இந்திய நள்ளிரவு முதல் காலை 5.30 வரை தேதி ஒரு நாள் பின்தங்கியிருக்கும். அந்த வேளையில் மட்டும் தோற்கும் சோதனைக்கு நேர மண்டலத்தையே முதலில் பார்க்க வேண்டும்.