பந்து மறைந்த பிறகு

ஓவியம் ஒன்றின் முன் நின்றால் நம் கண் முதலில் ஓர் ஆளைத் தேடும், இல்லையென்றால் மரத்தை, வீட்டை. எதுவும் அகப்படவில்லை என்றால் 'சும்மா கிறுக்கி வச்சிருக்காங்க' என்று அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவோம். 1912-இல் பாரிஸின் கிராண்ட் பலே மண்டபத்தில் நடந்த இலையுதிர்காலக் கண்காட்சிக்கு வந்தவர்கள் அப்படி நகர முடியாதபடி ஒரு ஓவியம் தொங்கியது. ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரம், அதே அளவு அகலம். கறுப்பும் வெள்ளையுமான வெளியில் சிவப்பும் நீலமும் வளைந்து, பின்னி, ஒன்றையொன்று துரத்துகின்றன. ஆள் இல்லை, பொருள் இல்லை. பெயர், 'அமோர்ஃபா: இரு வண்ணங்களில் ஒரு ஃபியூக்'. அமோர்ஃபா என்றால் உருவற்றது.

வரைந்தவர் ஃப்ரான்டிஷெக் கூப்கா. 1871-இல் பொஹீமியாவில், இன்றைய செக் நாட்டில், பிறந்தவர். ப்ராகிலும் வியன்னாவிலும் படித்துவிட்டு பாரிஸுக்கு வந்து, நகரை ஒட்டிய புத்தோவில் குடியேறியவர்.

இந்த 'உருவற்றது' ஒரு உருவத்திலிருந்துதான் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அவர் தன் மனைவியின் மகள் தோட்டத்தில் பந்தோடு விளையாடுவதை வரைந்தார். அதோடு விடவில்லை. பந்து கையிலிருந்து கைக்குப் போகும் பாதை, உடல் திரும்பும் வளைவு என்று திரும்பத் திரும்ப வரைந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு படத்திலும் சிறுமி கொஞ்சம் மறைகிறாள், அசைவு கொஞ்சம் கூடுகிறது. கடைசியில் பந்தும் இல்லை, பிள்ளையும் இல்லை. சுழற்சி மட்டும் மிஞ்சியது.

ஃபியூக் என்பது மேற்கத்திய இசை வடிவம். ஒரு குரல் ஒரு மெட்டைத் தொடங்கும்; இன்னொரு குரல் அதையே வேறு சுருதியில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவரும். லத்தீனில் அந்தச் சொல்லுக்கே ஓட்டம் என்று பொருள். 1913-இல் ஒரு நியூயார்க் நாளிதழ்ப் பேட்டியில், பாக் இசையில் செய்ததை வண்ணத்தில் செய்ய முடியும் என்று கூப்கா சொன்னார். ஓவியத்தைப் பார்த்தால் அது வெறும் உவமை இல்லை என்று தெரியும். சிவப்பு ஒரு வளைவை எடுக்கிறது, நீலம் சற்றுத் தள்ளி அதையே எடுக்கிறது. எங்கே தொடக்கம், எங்கே முடிவு என்று கண்ணுக்குப் பிடிபடாமல் போவதுதான் அதன் தாளம்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. இதே கூப்கா, பத்து ஆண்டுகளுக்கு முன் பாரிஸின் நையாண்டி இதழில் பணத்தையும் மதத்தையும் போரையும் கிழித்துத் தொங்கவிட்ட கேலிச்சித்திரக்காரர். 1902-இல் 'பணம்' என்ற பொருளில் ஒரு முழு இதழையே வரைந்தவர். அப்படிப்பட்டவர் வட்டங்களும் வளைவுகளும் வரையப் போனால், நம் இலக்கியக் கூட்டங்களில் என்ன சொல்வோம்? 'சமூகத்தை விட்டுட்டு உருவத்துல ஒளிஞ்சுக்கிட்டார்' என்போம்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1914-இல் போர் வெடித்தபோது நாற்பதைக் கடந்த கூப்கா தானாக முன்வந்து படையில் சேர்ந்தார். பிறகு செக்கோஸ்லோவாக்கியப் படைக்காகச் சுவரொட்டிகள் வரைந்தார். உலகத்தை அவர் விட்டுவிடவில்லை. ஒரு கை செய்யும் வேலையை இன்னொரு கையிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேலிச்சித்திரம் ஒரு நொடியில் புரிய வேண்டும். புரிந்ததும் நாம் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். அமோர்ஃபாவில் 'புரிஞ்சிடுச்சு' என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். பசித்தவனைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது, உண்மைதான். ஆனால் பெயர் வைத்ததும் பார்வையை மூடிக்கொள்ளும் நம் பழக்கத்தை அது கேள்வி கேட்கிறது. சிறுகதையைப் படித்து முடித்ததும் 'கருத்து என்ன?' என்று கேட்பவர்களுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

அந்தக் கண்காட்சி நாடாளுமன்றம் வரை போனது. அங்கிருந்த கியூபிச ஓவியங்களைக் கண்டு கொதித்த ஓர் உறுப்பினர், அரசுக் கட்டடத்தில் இதற்கெல்லாம் இடம் தரலாமா என்று 1912 டிசம்பரில் கேட்டார். மார்செல் செம்பா என்ற சோசலிச உறுப்பினர் எழுந்து, படம் பிடிக்காவிட்டால் பார்க்காமல் போகலாம், அதற்காகப் போலீஸைக் கூப்பிட முடியாது என்ற பொருளில் பதில் சொன்னார். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. அந்தப் பதில் இன்னும் தேவைப்படுகிற இடங்கள் குறையவில்லை.

அரூப ஓவியத்தை முதலில் வரைந்தது யார், கண்டின்ஸ்கியா, டெலோனேயா, கூப்காவா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அந்தப் பந்தயத்தில் எனக்கு ஆர்வமில்லை. யாருடைய குழுப் பெயரையும் ஒட்டிக்கொள்ள விரும்பாத கூப்கா 1957-இல் அதே புத்தோவில் இறந்தார். அமோர்ஃபா இப்போது ப்ராக் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. இணையத்தில் அதன் படம் கிடைத்தால், பக்கத்திலேயே பந்தோடு நிற்கும் அந்தச் சிறுமியின் படத்தையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவளைப் பாருங்கள். அப்புறம் சிவப்பையும் நீலத்தையும் பாருங்கள், அவசரப்படாமல்.