அம்மோனைட்டுக்கு யார் உறவு? ஒரு திருத்தம்

வைட்ஃபீல்டில் அடுக்ககங்களுக்கு அடித்தளம் தோண்டும்போது வெளிப்படுவது சாம்பல் நிற நைஸ் பாறை. ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையுடைய அப்பாறை கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. அதில் சிப்பியையோ எலும்பையோ தேடிப் பயனில்லை. எனவே புதைபடிவம் காண நண்பர்களுடன் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குச் சென்றிருந்தேன். அங்கே ஓர் அம்மோனைட்டைக் காட்டி, "இன்றும் கடலில் வாழும் நாட்டிலஸின் முன்னோர் இது" என்றேன். அது பிழை.

பிழைக்கு ஒரு வரலாறு உண்டு. 1840களில் கே, கன்லிஃப் என்னும் ஆங்கிலேயர் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டிய புதைபடிவங்களை ஆராய்ந்த எட்வர்ட் ஃபோர்ப்ஸ், அவை கிரெட்டேசியஸ் காலத்தவை என்று நிறுவினார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்டு 1861இல் பெலம்நைட்டுகளையும் நாட்டிலஸ்களையும் விவரித்தார். அம்மோனைட்டுகளை விவரித்தவர் மொராவியாவில் பிறந்த ஸ்டோலிச்கா. 1874இல், 36ஆம் வயதில், லடாக்கில் உயிர்நீத்தவர். அக்காலத்தில் ஒப்பிட்டுப் பார்க்க உயிருடன் இருந்த சுருள் ஓட்டுத் தலைக்காலி நாட்டிலஸ் ஒன்றே. ஆகவே இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்ததில் வியப்பில்லை.

ஆனால் ஓட்டின் உள்ளமைப்பு வேறு கதை சொல்கிறது. அறைகளை இணைக்கும் குழல் நாட்டிலஸில் தடுப்புச் சுவர்களின் நடுப்பகுதியை ஊடுருவும். அம்மோனைட்டில் பெரும்பாலும் வெளிவிளிம்பை ஒட்டிச் செல்லும். அம்மோனைட்டின் சிறிய முதல் அறையும் நாக்குப் பற்களும் கணவாய், எண்காலி ஆகியவற்றின் கிளையையே நெருங்குகின்றன. ஓடே இல்லாத எண்காலி நெருங்கிய உறவு; அதே வடிவ ஓடுடைய நாட்டிலஸ் தூரத்து உறவு!

மொழியியல் படித்த நான் இதில் இடறியிருக்கக் கூடாது. ஆங்கில 'மச்', ஸ்பானிய 'முச்சோ' இரண்டுக்கும் ஒலியும் பொருளும் நெருக்கம், பிறப்பில் தொடர்பில்லை. இங்கே நாள்தோறும் காதில் விழும் கன்னடக் 'கிவி'யோ நம் 'செவி'யின் உடன்பிறப்பு. முன்னுயிருக்கு முன் வந்த ககரம் தமிழில் சகரமானது. 'கேரி', 'சேரி' முதலிய பல இணைகளில் அதே முறை. தோற்றத்தை நம்பாமல் முறையான மாற்றத்தைத் தேடு என்பதே எங்களுக்கு முதல் பாடம்.

'உயிர்வாழும் புதைபடிவம்' என்னும் தொடரை டார்வின் 1859இல் கையாண்டார். அது நாட்டிலஸுக்குப் பொருந்துமா என்பதும் ஐயமே; அம்மோனைட்டுகள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்த பிறகும் அக்கிளை மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது.

காரையில் துப்பாக்கிக் குண்டு போல் சிதறிக் கிடந்த பெலம்நைட்டுகளை நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அம்மோனைட்டுக்கு நெருங்கிய உறவு அவைதாம்.